சின்னச் சொல்லுக்கா பயப்படுகிறாய்?

'போஸ்ட்போன்' உனக்குத் தெரியும். 'இன்வெஸ்டிகேட்' தெரியும். 'டாலரேட்' என்றால் பொறுத்துக்கொள்வது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். பன்னிரண்டாம் வகுப்பில் உருப்போட்டது இன்னும் மறக்கவில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், கணினித் திரையில் ஓர் அமெரிக்கர் தோன்றி, "லெட்ஸ் புட் திஸ் ஆஃப் டில் மண்டே. கேன் யூ லுக் இன்டு த இஷ்யூ அண்ட் கெட் பேக் டு மீ?" என்று கேட்டதும் உனக்கு வியர்த்துவிட்டது. "எஸ் சார்" என்று தலையாட்டிவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரனிடம் "அவர் என்னடா சொன்னார்?" என்று கிசுகிசுத்தாய்.

அந்த வாக்கியத்தில் உனக்குத் தெரியாத சொல் எது? புட், லுக், கெட், பேக், ஆஃப், இன்டு. தொடக்கப்பள்ளிப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும் சொற்கள். தனித்தனியாக வந்தால் எல்லாம் தெரிகிறது. கைகோத்துக்கொண்டு வந்தால் ஒன்றும் புரியவில்லை. புட் ஆஃப் என்பது போஸ்ட்போன்தான். லுக் இன்டு என்பது இன்வெஸ்டிகேட்தான். கடினமானதைத் தெரிந்து வைத்திருக்கிறாய், எளியதில் இடறுகிறாய். இடறியதும் என்ன முடிவு கட்டினாய்? "நாம தமிழ் மீடியம். நமக்கு இங்கிலீஷ் வராது."

தம்பி, தங்கச்சி, அந்த முடிவு பொய். அதை நொறுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

வராது என்கிறாயே, வெளியூர்க்காரன் எவனுக்கு அது சுலபமாக வந்தது? சாமுவேல் ஜான்சன் பல ஆண்டுகள் உழைத்து 1755ஆம் ஆண்டு லண்டனில் தன் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்டார். ஒரு வினைச்சொல்லின் பின்னால் குட்டிச் சொல் ஒன்றை ஒட்டவைத்துப் பொருளையே புரட்டிப்போடுகிற வழக்கம் ஆங்கிலத்தில் மிகுதி என்றும், அயல்நாட்டார் பெரிதும் திணறுவது அங்கேதான் என்றும் அதன் முன்னுரையிலேயே அவர் ஒப்புக்கொண்டார். கம் ஆஃப், ஃபால் ஆன், பிரேக் ஆஃப் என்று உதாரணமும் காட்டினார். கற்கிறவனின் மூளையில் கோளாறு என்று அவர் எழுதவில்லை. மொழியின் குணமே அப்படி என்றுதான் எழுதினார். ஆங்கிலத்துக்கே அகராதி கண்ட மனிதர் உன் பக்கம் நின்று சாட்சி சொல்லி இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நீ இன்னும் உன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டிருக்கிறாய்!

இந்த வினைச்சொற்களுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் பரவியதுகூட 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய ஒரு நூல் வழியாகத்தான். அதற்கு முன்னால் நூற்றாண்டு நூற்றாண்டாக மக்கள் பெயர் தெரியாமலே பேசிக்கொண்டிருந்தார்கள். இலக்கணம் தெரிந்துகொண்டு யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தார்கள், இலக்கணம் பின்னால் வந்தது.

கொஞ்சம் வரலாறு கேள், உன் முதுகெலும்பு நிமிரும். 1066இல் நார்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்த படை இங்கிலாந்தைப் பிடித்தது. அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஏறி உட்கார்ந்தது. தேவாலயத்திலும் கல்விக்கூடத்திலும் லத்தீன் ஏற்கெனவே இருந்தது. வயலிலும் சந்தையிலும் அடுப்படியிலும் பழைய ஆங்கிலமே பேசப்பட்டது. டாலரேட், இன்வெஸ்டிகேட், எக்ஸ்டிங்விஷ் எல்லாம் லத்தீன் வழி வந்த படித்தவர் சொற்கள். புட், கெட், கிவ், கோ, கம் எல்லாம் உழுதவனும் கால்நடை மேய்த்தவனும் பேசிய சொற்கள். உன் பாடப்புத்தகம் உனக்கு அரண்மனை இங்கிலீஷைக் கொடுத்தது. அலுவலகத்தில் உன் காதில் விழுவது களத்துமேட்டு இங்கிலீஷ். விவசாயி வீட்டுப் பிள்ளை, கொத்தனார் வீட்டுப் பிள்ளை, பீடி சுற்றிப் படிக்கவைத்த அம்மாவின் பிள்ளை நீ. களத்துமேட்டு மொழி உனக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

இன்னொன்று சொல்கிறேன். இந்த வித்தை உனக்கு ஏற்கெனவே கைவந்தது. நம்பமாட்டாய். பார்.

தமிழ் கற்க வந்த ஒரு வெள்ளைக்காரரை நினைத்துக்கொள். 'கொடு' என்றால் என்ன என்று முதல் வாரமே கற்றுவிட்டார். ஒரு பொருளை எடுத்து இன்னொருவர் கையில் சேர்ப்பது. சரி. இப்போது நீ அவரிடம் பேசு: வாத்தியார் பாடம் சொல்லிக்கொடுத்தார். அண்ணன் தம்பிக்காக விட்டுக்கொடுத்தான். கூட்டாளியைப் போலீஸில் காட்டிக்கொடுத்தான். மேனேஜரிடம் என்னைப் போட்டுக்கொடுத்தான். நாலு 'கொடு'. எதிலாவது ஏதாவது ஒரு பொருள் கைமாறியதா? அந்த மனிதர் தலையைப் பிய்த்துக்கொள்ள மாட்டாரா? அடுத்து 'கொள்' பக்கம் கூட்டிப்போ: பார்த்துக்கொள், மாட்டிக்கொள், கண்டுகொள்ளாதே. அதற்கப்புறம் கம்பி நீட்டினான், காது குத்தினான், அல்வா கொடுத்தான் என்று அடுக்கு. கம்பி எங்கே, காது எங்கே, அல்வா எந்தக் கடையில் வாங்கியது என்று அவர் கேட்பார். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

இதையெல்லாம் உனக்கு யார் கற்றுக்கொடுத்தது? எந்த டியூஷனில் படித்தாய்? எந்தப் பட்டியலை உருப்போட்டாய்? திண்ணையில் பாட்டி பேசியதைக் கேட்டாய், தெருவில் சண்டை நடந்ததைக் கேட்டாய், திருப்பிச் சொன்னாய், வந்துவிட்டது. இதே வேலையைத்தான் ஆங்கிலமும் கேட்கிறது. 'லுக் ஆஃப்டர்' என்பது நம் பார்த்துக்கொள்வது. 'புட் ஆஃப்' என்பது நம் தள்ளிப்போடுவது. 'கிவ் அவே' என்றால் ஓரிடத்தில் காட்டிக்கொடுப்பது, 'கிவ் இன்' என்றால் விட்டுக்கொடுப்பது. 'ஈட் அப்' என்கிறார்களே, அதில் சாப்பாடு மேலே எங்கும் போவதில்லை. நாம் 'சாப்பிட்டுவிடு' என்கிறபோது எதை விடுகிறோம்? ஒரு வேலை முழுதாக முடிய வேண்டும் என்பதற்கு நமக்கு 'விடு', அவர்களுக்கு 'அப்'. பேசிக்கொண்டே போ என்பதில் நமக்குக் 'கொண்டே', அவர்களுக்கு 'ஆன்'. கோ ஆன், கேரி ஆன், கீப் ஆன். இரண்டு மொழிகளும் ஒரே குறும்பைத்தான் செய்கின்றன. நாம் வினையோடு வினையைச் சேர்க்கிறோம், அவர்கள் வினையோடு குட்டிச் சொல்லைச் சேர்க்கிறார்கள்.

போதாது என்றால் உன் தெருவிலேயே கேள். அரசுப் பேருந்து நடுவழியில் நின்றால் கண்டக்டர் என்ன சொல்கிறார்? பிரேக்டவுன். படப்பிடிப்பு முடிந்ததும் என்ன சத்தம்? பேக்கப். போலீஸ் நிலையத்தில் கம்பிக்குப் பின்னால் இருப்பது லாக்கப். ஆஸ்பத்திரியில் செக்கப். கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப். நாயகனுக்குப் புது கெட்டப். வண்டி வேகமெடுக்க மறுத்தால் "பிக்கப் இல்லண்ணே". 2020இல் நாடே லாக்டவுன். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மெக்கானிக் வாயில் இத்தனை ஃப்ரேசல் வெர்ப் புழங்குகிறது. பட்டம் வாங்கிய நீ எனக்கு வராது என்கிறாய்!

'அது பெயர்ச்சொல் ஆயிற்றே' என்று எந்த இலக்கணப் புலியாவது குறுக்கே வரலாம். வரட்டும். 'த பஸ் புரோக் டவுன்' என்று அதைப் பிரித்து ஓடவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

"ஆயிரக்கணக்கில் இருக்கிறதே, எப்போது படித்து முடிப்பது?" இதுதான் உன் அடுத்த சாக்கு. உண்மைதான், அகராதிகளில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஆனால் மனிதர்கள் அத்தனையையும் அன்றாடம் பேசுவதில்லை. பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்று பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட ஒரு தொகுப்பு இருக்கிறது. பேச்சும் எழுத்துமாகத் திரட்டியது. கார்ட்னர், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அதைச் சல்லடை போட்டுச் சலித்து 2007இல் கணக்குச் சொன்னார்கள்: அடிக்கடி வரும் வெறும் 100 ஃப்ரேசல் வெர்ப்கள், அந்தத் தொகுப்பில் வரும் மொத்த ஃப்ரேசல் வெர்ப் பயன்பாட்டில் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்கின்றன. முதலிடத்தில் நிற்பது 'கோ ஆன்'. அடுத்தடுத்து கேரி அவுட், செட் அப், பிக் அப், கோ பேக், கம் பேக். இதில் எது உனக்கு இமயமலை? 2015இல் கார்னியர், ஷ்மிட் என்ற வேறு இருவர் 150 வினைகளை எடுத்து, அவை ஒவ்வொன்றும் நடைமுறையில் எத்தனை பொருளில் வருகின்றன என்று பார்த்தார்கள். சராசரியாக இரண்டு பொருள் கற்றால் பெரும்பாலான இடங்களில் சமாளித்துவிடலாம். அகராதி ஐந்தாறு பொருள் போட்டுப் பயமுறுத்தும். நீ பயப்படாதே.

150 வினை, ஆளுக்கு இரண்டு பொருள். 300. ஒரு நாளைக்கு இரண்டு பிடித்தாலும் ஐந்தே மாதம். ஐபிஎல் அணிகளின் வீரர் பட்டியலை ஏலத் தொகையோடு ஒப்பிக்கிற மண்டைக்கு 300 பெரிய விஷயமா?

இந்தக் குட்டி வினைகளின் பலம் தெரிய வேண்டுமானால் ஆக்டன் கதையைக் கேள். சி.கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930இல் 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒரு திட்டம் போட்டார். மொத்தமே 850 சொற்கள். அதில் வினைகள் வெறும் 18. கம், கெட், கிவ், கோ, கீப், மேக், புட், டேக் என்று போகிற பட்டியல். மற்ற வினைகள் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, இந்தப் பதினெட்டோடு அப், டவுன், இன், அவுட் சேர்த்தே உலக விவகாரம் முழுவதையும் பேசிவிடலாம் என்றார். 1943இல் வின்ஸ்டன் சர்ச்சில்கூட ஹார்வர்டில் பேசியபோது அதைத் தூக்கிப் பிடித்தார். திட்டம் உலகை வெல்லவில்லை. அது கிடக்கட்டும். ஆனால் மூன்றாம் வகுப்புச் சொற்களை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று ஒரு மனிதர் துணிந்து காட்டினார் அல்லவா? உன்னிடம் அந்தப் பதினெட்டும் இருக்கிறது. துணிச்சல்தான் இல்லை.

எப்படிப் படிப்பது என்று கேட்பாய். எப்படிப் படிக்கக்கூடாது என்று முதலில் சொல்கிறேன். 'புட்' என்று தலைப்புப் போட்டு புட் ஆன், புட் ஆஃப், புட் அவுட், புட் அப், புட் அப் வித் என்று வரிசையாக எழுதி மனப்பாடம் செய்யாதே. மறுநாள் காலையில் எல்லாம் கூழாகக் கலந்து நிற்கும். ஒவ்வொன்றையும் உன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தோடு கட்டிப்போடு. அக்கா கல்யாணம் தள்ளிப்போனதா? 'தே புட் ஆஃப் த வெட்டிங்.' நிச்சயமே நின்றுபோனதா? 'தே கால்ட் இட் ஆஃப்.' விடுதியில் தண்ணீர் தீர்ந்ததா? 'வீ ரேன் அவுட் ஆஃப் வாட்டர்.' பக்கத்து அறைக்காரனின் குறட்டையைச் சகிக்க முடியவில்லையா? 'ஐ காண்ட் புட் அப் வித் ஹிஸ் ஸ்னோரிங்.' உன் அக்கா, உன் விடுதி, உன் எரிச்சல். அப்போதுதான் அது உன் மொழி. வாய்விட்டுச் சொல்லு. கண்ணால் மட்டும் படித்தால் கண்ணோடு போய்விடும்.

இடைச்சொல்லின் வாடையைப் பிடிக்கவும் பழகு. 'ஆஃப்' வந்தால் பெரும்பாலும் ஏதோ அறுபடுகிறது, நிற்கிறது: கட் ஆஃப், கால் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப். 'அவுட்' வந்தால் உள்ளே இருந்தது வெளியே தெரியவருகிறது: ஃபைண்ட் அவுட், ஃபிகர் அவுட், டர்ன் அவுட். 'டவுன்' வந்தால் வேகமோ சூடோ குறைகிறது: ஸ்லோ டவுன், காம் டவுன், கட் டவுன். இது எல்லா இடத்திலும் செல்லாது. 'கிவ் அப்'பில் மேலே போவதும் இல்லை, 'ஈட் அப்'பைப் போலச் சாப்பாடு தீர்வதும் இல்லை, கைவிடுவதுதான் இருக்கிறது. ஆனாலும் இருட்டில் தடவுகிறவனுக்கு இது ஒரு டார்ச் வெளிச்சம்.

ஒரே ஒரு விதியை மட்டும் மண்டையில் அடித்து இறக்கிக்கொள். 'இட்' வந்தால் நடுவில் போகும்: புட் இட் ஆஃப், டர்ன் இட் டவுன், கால் இட் ஆஃப். 'புட் ஆஃப் இட்' என்றால் காதில் கல் விழும். லுக் ஆஃப்டர், லுக் இன்டு, ரன் அவுட் ஆஃப் போன்ற சில பிரிய மறுக்கும்: லுக் ஆஃப்டர் இட். எது பிரியும், எது பிரியாது என்பது பேசப் பேசக் காதுக்கே தெரிந்துவிடும். 'விட்டுக்கொடுத்தான்' சரி, 'விட்டுகொடுத்தான்' என்று ஒற்றை விழுங்கினால் தப்பு என்று உன் காது இன்று கண்டுபிடிக்கவில்லையா? அந்தக் காதுதான் இதற்கும்.

அடுத்து மரபுத்தொடர்கள். பள்ளியில் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' படித்திருப்பாய். 'கிக் த பக்கெட்' படித்திருப்பாய். அலுவலகத்தில் எத்தனை முறை இவற்றைக் கேட்டாய்? நான் கேட்டதே இல்லை என்று சொல்லலாம். அங்கே பறப்பதெல்லாம் வேறு. 'ஆன் த சேம் பேஜ்', 'கீப் மீ இன் த லூப்', 'டச் பேஸ்', 'பால்பார்க் ஃபிகர்'. கடைசி இரண்டும் பேஸ்பால் ஆட்டத்தில் பிறந்தவை. அமெரிக்கர்களின் தெருவாட்டம் அது. நீ பார்க்காத ஆட்டத்தின் பேச்சு உனக்குப் புரியாததில் என்ன அவமானம்? டச் பேஸ் என்றால் சும்மா ஒரு வார்த்தை பேசிக்கொள்வது. பால்பார்க் ஃபிகர் என்றால் குத்துமதிப்பு. முடிந்தது கதை.

உன் ஆட்டத்துக்கு வா. பதுங்கித் தற்காப்பில் நிற்பவன் 'ஆன் த பேக்ஃபுட்'. இக்கட்டில் மாட்டியவன் 'ஸ்டிக்கி விக்கெட்'டில் இருக்கிறான். ஆடுகளத்தை மூடிவைக்கும் வழக்கம் இல்லாத காலத்தில், மழையில் நனைந்த தரை வெயிலில் காயும்போது பந்து கண்டபடி எகிறும், மட்டையாளன் திண்டாடுவான். அதிலிருந்து வந்தது. தெருவில் செங்கல்லை ஸ்டம்பாக நட்டு ஆடிய உனக்கு இதை ஒருவர் விளக்கவும் வேண்டுமா? கிரிக்கெட் வழியாக மட்டும் நீ பத்து மரபுத்தொடர்களை ஒரே மாலையில் சுருட்டிவிடலாம்.

நம்மூரில் மட்டும் செல்லுபடியாகும் சிலவற்றையும் அடையாளம் வை. 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்று நேர்முகத் தேர்வில் சொல்கிறோம். படித்து முடித்தேன் என்கிற அர்த்தத்தில். வெளிநாட்டுக்காரர் காதில் அது மயங்கி விழுந்தேன் என்று விழும். 'கிராஜுவேட்டட்' என்று சொல். 'கோப் அப் வித்' என்கிறோம், அந்த 'அப்' வேண்டாத விருந்தாளி. இப்படி நாலைந்து இருக்கின்றன. திருத்திக்கொண்டு போய்க்கொண்டே இரு. உட்கார்ந்து வெட்கப்பட நேரமில்லை.

வெட்கம் என்றதும் ஒன்று கேட்கிறேன். நீ தப்பாகப் பேசினால் சிரிக்கிறவன் யார்? அந்த அமெரிக்கரா? அவருக்கு வேலை நடக்க வேண்டும், நீ சொல்வது புரிந்தால் போதும். சிரிக்கிறவன் பெரும்பாலும் நம்மூர்க்காரன். அப்பன் கட்டிய பணத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருப்பவன். அவன் சிரிப்புக்கு நீ உன் சம்பள உயர்வை, உன் பதவி உயர்வை, உன் வெளிநாட்டு வாய்ப்பைக் காணிக்கை வைக்கிறாயா? எவ்வளவு விலையுயர்ந்த சிரிப்பு அது, யோசித்துப் பார்.

உச்சரிப்பைச் சொல்லிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு பெயர்: ஜோசப் கான்ராட். 1857இல் பிறந்த போலந்துக்காரர். 1878இல் இங்கிலாந்து மண்ணை மிதித்தபோது வயது இருபது, ஆங்கிலம் அரைகுறை. கப்பலில் மாலுமிகளோடு பழகிப் பழகிக் கற்றார். 1895இல் முதல் நாவல். பிறகு ஆங்கில உரைநடையின் உச்சத்தில் வைத்துப் பேசப்படும் எழுத்தாளர்களில் ஒருவரானார். அவர் பேச்சில் போலந்து வாடை சாகும்வரை அடித்தது. அதனால் என்ன குறைந்தது? உன் நாக்கில் மதுரை இருக்கட்டும், திருநெல்வேலி இருக்கட்டும், தர்மபுரி இருக்கட்டும். சொல் சரியாக இருந்தால் போதும்.

முப்பதே நாளில் சரளமாகப் பேசவைக்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் விளம்பரங்களின் பின்னால் ஓடாதே. ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' பல நூலகங்களில் கிடைக்கும். அதன் கடைசிப் பாடங்கள் முழுக்க ஃப்ரேசல் வெர்ப்தான். நம்மில் பலர் டென்ஸ் பாடத்தோடு புத்தகத்தை மூடிவிடுவதால் அதுவரை போவதே இல்லை. பின்னாலிருந்து படி. மெக்கார்த்தியும் ஓடெல்லும் எழுதிய 'இங்கிலீஷ் ஃப்ரேசல் வெர்ப்ஸ் இன் யூஸ்' இதற்கென்றே வந்த நூல். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் செல்பேசியில் காசில்லாமல் கிடைக்கிறது. சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் இருந்தால் கலைஞர் நூற்றாண்டு நூலகம். உள்ளே போய் உட்கார். உன்னைப் போன்ற பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவரைக் கூட்டாளியாகப் பிடி. இருவரும் தினமும் கால்மணி நேரம் ஆங்கிலத்தில் மட்டும் சண்டை போடுங்கள். கொஞ்சிப் பேசுவதைவிடச் சண்டையில் மொழி வேகமாக வரும்.

நாளைக்கு அலுவலகக் கூட்டம் இருக்கிறதா? புரியாத தொடர் ஒன்று வந்தே தீரும். இந்த முறை தலையாட்டாதே. பக்கத்தில் கிசுகிசுக்காதே. மைக்கின் மியூட்டை எடு. "சாரி, வாட் டூ யூ மீன் பை தட்?" என்று நேராகக் கேள். அவர் சொன்னதைத் தாளில் எழுது. அடுத்த வாரக் கூட்டத்தில் அதே தொடரை அவரிடமே திருப்பி வீசு.